அடுப்பை வாங்க முதல் புகைக்கூட்டைப் பாருங்கள்

நீங்கள் கேட்டது இது. ஒன்ராறியோவின் லின்ட்சிக்குக் கிட்ட ஒரு பழைய பண்ணை வீடு வாங்கியிருக்கிறீர்கள். 2025 மார்ச் கடைசியில் வந்த உறைமழையில் அந்தப் பக்கம் நாட்கணக்காகக் கரண்ட் இல்லாமல் கிடந்த கதையை அயலவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வருகிற குளிருக்கு முதல் ஒரு விறகடுப்பு பூட்ட வேண்டும். 400 டொலருக்கு ஒரு பழைய இரும்படுப்பு கிடைக்கிறது. அதை பேஸ்மென்றில் வைத்து, குழாயைச் சுவரால் வெளியே விட்டு, நண்பர் ஒருவரோடு ஒரு சனி ஞாயிறில் வேலையை முடித்துவிடலாமா, எந்த அடுப்பு நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கேட்பது வேறொரு கேள்வி: நெருப்பை எரியவிட்டு, மேல் மாடியில் பிள்ளைகள் நித்திரையாக இருக்கும்போது நீங்களும் நிம்மதியாகக் கண் மூடலாமா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். ஒன்ராறியோவில் 19 வருடமாக விறகடுப்பு பூட்டுவதும் மற்றவர்கள் பூட்டியதைச் சோதிப்பதும்தான் என் தொழில்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வளர்ந்தவர்களுக்கு நெருப்பு புதிதில்லை. பன்னாடையால் மூட்டி, கொக்காரையும் பனைமட்டையும் வைத்து, ஊதுகுழலால் ஊதி எரித்தவர்கள் நாங்கள். அந்தப் பழக்கமே இங்கே சிலவேளை எங்களைக் கவிழ்த்துவிடுகிறது. ஊர்க் குசினியில் சுவர் மண் அல்லது கல், நிலம் மெழுகியது அல்லது சீமெந்து. அடுப்புக்குப் பின்னால் சுவர் கரி பிடிக்குமே தவிரப் பற்றாது. கூரை கிடுகென்றால் மட்டும் மேலே ஒரு கண் வைத்திருப்போம். இங்கே அப்படியில்லை. உங்கள் கை படுகிற சுவர் அரை அங்குல ட்ரைவோல், கடுதாசி ஒட்டிய ஜிப்சம் பலகை. அதற்குப் பின்னால் நிற்பது பல வருடம் காய்ந்த மரச்சட்டம். நிலத்துக்குக் கீழே மரம், கூரைக்கு உள்ளேயும் மரம். விறகை விறகுக்குள் வைத்து எரிக்கப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் விளங்கும்.

அதனால் அடுப்பு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதுதான் முதல் கணக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கனடாவில் இந்த வேலைக்குரிய விதிநூல் சீ.எஸ்.ஏ. பி365. அங்கீகாரம் பெற்ற அடுப்பு என்றால் அதன் பின்பக்கத்தில் ஓர் உலோகத் தகடு இருக்கும். பின்சுவருக்கு எவ்வளவு, பக்கச் சுவருக்கு எவ்வளவு, மூலைக்கு எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் சட்டம். தகடு இல்லாத அடுப்பென்றால், சுற்றிவர எரியக்கூடிய எதற்கும் 1200 மில்லிமீற்றர், அதாவது 4 அடி, இடம் விட வேண்டும். உங்கள் 400 டொலர் அடுப்பில் தகடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அது அறையின் பாதியை விழுங்கிவிடும். அதோடு பல இன்சூரன்ஸ் கொம்பனிகள் அதை ஏற்காது.

'சுவரில் ஓடு ஒட்டிவிட்டேன், இனிப் பயமில்லை' என்று சொல்பவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அடுப்புக்கும் சுவருக்கும் இடையில் ஏழெட்டு அங்குலம்தான். சுவரில் வடிவான கற்தகடு ஒட்டியிருந்தார்கள். 11 குளிர்காலம் எரித்திருக்கிறார்கள், ஒரு குறையும் இல்லை. வீட்டை விற்க வெளிக்கிட்டபோதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். கல்லில் கை வைத்தேன், எடுக்க வேண்டியதாகிவிட்டது. வீட்டுக்காரரின் சம்மதத்தோடு ஒரு கல்லையும் பின்னால் இருந்த ட்ரைவோலையும் வெட்டி எடுத்தோம். ட்ரைவோலின் கடுதாசி மண்ணிறமாகி உதிர்ந்தது. அதற்குப் பின்னால் இருந்த சட்டம் முன்பக்கம் முழுக்கக் கறுத்து, பெருவிரலால் அழுத்தக் கரித்தூளாகக் கையில் வந்தது. பின்பக்கம் இன்னும் பச்சை மஞ்சளாக, மரமாகவே இருந்தது. கல்லும் ஓடும் சூட்டைத் தடுப்பதில்லை. வாங்கி உள்ளே கடத்துகின்றன. புது மரம் பற்ற ஏறக்குறைய 250 பாகை செல்சியஸ் வேண்டும். வருடக்கணக்காகச் சூடு வாங்கிக் கருகிய மரத்துக்கு அதைவிடக் குறைவான சூடு போதும். எவ்வளவு குறைவு என்பதை மட்டும் ஒரே எண்ணாக யாரும் சொல்ல முடியாது. மரத்துக்கு மரம், ஈரத்துக்கு ஈரம், காலத்துக்குக் காலம் மாறும். 'இத்தனை வருடம் ஒன்றும் நடக்கவில்லையே' என்ற பேச்சு இந்த விசயத்தில் ஆபத்தான பேச்சு. ஒவ்வொரு குளிரிலும் அந்த மரம் இன்னும் கொஞ்சம் சுலபமாகப் பற்றக்கூடியதாக மாறிக்கொண்டிருக்கிறது.

இடத்தைக் குறைக்க நேர்மையான வழி இருக்கிறது. 29 கேஜ் (தகட்டின் தடிப்பு அளவு) தகரம் ஒன்றைச் சுவரில் முட்டாமல் குறைந்தது 21 மில்லிமீற்றர் தள்ளிப் பூட்டுங்கள். இடையில் வைக்கிற கட்டைகள் எரியாத பொருளாக இருக்க வேண்டும், அடுப்புக்கு நேர் பின்னால் ஆணி அடிக்கக்கூடாது. தகரத்தின் கீழும் மேலும் திறந்திருக்க வேண்டும். கீழால் குளிர்காற்று ஏறி மேலால் சூட்டைக் கொண்டுபோகும். இப்படிச் செய்தால் பக்கச் சுவர் இடைவெளியை மூன்றில் இரண்டு பங்கு குறைக்க விதி அனுமதிக்கிறது, அடுப்பின் தகடு அதற்கு மாறாக எதுவும் சொல்லாவிட்டால். வேலையைச் செய்வது தகரமில்லை, அதற்குப் பின்னால் ஓடுகிற காற்று. கீழ் இடைவெளியை அழகுக்கு மூடிவிட்டவர்களும் உண்டு. மூடினால் அது வெறும் அலங்காரம். நிலத்தில் மரமோ கார்பெற்றோ இருந்தால், கதவுப் பக்கம் 450 மில்லிமீற்றர், மற்றப் பக்கங்களில் 200 மில்லிமீற்றர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற எரியாத தளம் வேண்டும். கதவைத் திறக்க ஒரு தணல் உருண்டு விழுவது அன்றாடம் நடக்கிற காரியம்.

அடுப்பிலிருந்து புகைக்கூடு வரை போகிற கறுப்புக் குழாயில்தான் தாங்களே பூட்டுகிற வீட்டுக்காரர்கள் அதிகம் பிழை விடுகிறார்கள். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் எரியக்கூடிய எதற்கும் இடையில் 450 மில்லிமீற்றர் வேண்டும். இரட்டைத் தகட்டுக் குழாய் வாங்கினால் அந்த இடைவெளி நன்றாகக் குறையும். காசு கொஞ்சம் கூட, ஆனால் நான் என் வீட்டுக்கு அதைத்தான் பூட்டினேன். ஒவ்வொரு பொருத்திலும் 3 திருகாணி. குழாயின் நெளிந்த, ஒடுங்கிய முனை அடுப்பைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இது பலருக்குத் தலைகீழாகப் படும், 'புகை கசியாதா' என்பார்கள். புகை கசியாது, கூடு அதை இழுத்துக்கொள்ளும். புகை ஆறிக் கீழே வடிகிற தார்தான் வெளியே கசியும். நெளிந்த முனை கீழே இருந்தால் அந்தத் தார் குழாய்க்குள்ளேயே வடிந்து அடுப்பில் எரிந்துபோகும். படுக்கையாகப் போகிற பகுதி அடிக்குக் கால் அங்குலமாவது ஏற வேண்டும். வளைவுகள் மொத்தம் 180 பாகைக்கு மேல் போகக்கூடாது, அதாவது 90 பாகை முழங்கைத் துண்டு இரண்டுக்கு மேல் வேண்டாம். இந்தக் கறுப்புக் குழாய் சுவருக்குள்ளோ கூரைக்குள்ளோ ஒருபோதும் போகக்கூடாது. அந்த இடம் வர முதலே, காப்பிட்ட புகைக்கூடாக அது மாற வேண்டும்.

புகைக்கூடு என்றால் 650 பாகை வகை என்று முத்திரை குத்திய, யூ.எல்.சி. எஸ்629 என்ற கனடியத் தரச் சாமான். இதில் மலிவு பார்க்காதீர்கள். எரிவாயுச் சூடாக்கிக்குப் போடுகிற பி-வென்ற் குழாய் பார்வைக்கு இதே மாதிரித்தான் இருக்கும், விலையும் குறைவு. அதன் உட்குழாய் அலுமினியம், 660 பாகையில் உருகும். கூட்டுக்குள் தார் பற்றினால் சூடு 1000 பாகையைத் தாண்டும். மீதியை நான் எழுதத் தேவையில்லை. கூடு மரத்தைக் கடக்கும் இடமெல்லாம் அதற்குரிய இடைவெளி, வழக்கமாக 2 அங்குலம், வெறும் காற்றாகவே இருக்க வேண்டும். அதற்குள் கண்ணாடிப் பஞ்சு அடைத்தவர்களைக் கண்டிருக்கிறேன், குளிர் வரக்கூடாதென்று நல்ல எண்ணத்தில் செய்தது. பஞ்சு சூட்டைப் பிடித்து மரத்துக்கே கொடுக்கும். உயரத்துக்கு ஒரு சுலபமான கணக்கு: கூரையைக் கடக்கும் இடத்திலிருந்து 3 அடி மேலே, அதோடு 10 அடிச் சுற்றுக்குள் இருக்கிற எந்தக் கூரைப் பகுதியையும் வேறு தடையையும்விட 2 அடி கூட. இரண்டு கணக்கில் எது உயரமோ அது.

பழைய பண்ணை வீடு என்றபடியால் செங்கல் புகைக்கூடு ஒன்று ஏற்கனவே இருக்கலாம், அதில் விட்டுவிடலாமா என்றும் அடுத்ததாகக் கேட்பீர்கள். அதற்கு நான் இங்கிருந்து ஆம் என்றோ இல்லை என்றோ சொன்னால் அது பொய். உள்ளே கமெரா விட்டுப் பார்க்க வேண்டும். களிமண் உறை வெடித்திருக்கலாம், செங்கல் இடைச்சாந்து உதிர்ந்திருக்கலாம், கட்டினவர் வீட்டு உத்தரத்தைக் கூட்டிலேயே முட்டவைத்திருக்கலாம். ஆனால் இரண்டு விசயம் பார்க்காமலே சொல்லலாம். எண்ணெய் ஃபேர்ணஸ் அந்தக் கூட்டைப் பாவிக்கிறதென்றால் அதே வழியில் விறகடுப்பைச் சேர்க்கக்கூடாது. கூடு நல்லாக இருந்தாலும், அடுப்பின் வாயளவுக்கு ஒரு துருப்பிடிக்காத உருக்கு உறை உள்ளே இறக்குவது நல்லது. 6 அங்குல அடுப்பைப் பெரிய கூட்டில் விட்டால் புகை ஆறி, மெதுவாகி, சுவரெல்லாம் தார் படியும்.

இனி பேஸ்மென்ற். உங்கள் திட்டத்தில் எனக்குப் பிடிக்காத பகுதி இதுதான். குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலே ஏறி மாடி இடுக்குகளால் வெளியேறும். அந்தக் குறையை நிரப்ப, கீழ்த்தளம் கிடைக்கிற வழியால் எல்லாம் காற்றை உள்ளே இழுக்கும். வெளிச்சுவரோடு ஏறுகிற குளிர்ந்த புகைக்கூடும் அதற்கு ஒரு வழிதான். கதவைத் திறந்து தீக்குச்சி தட்டியதும் புகை முகத்தில் அடிக்கிறதென்று சொல்பவர்களில் அரைவாசிப் பேர் பேஸ்மென்ற்காரர். புகை வந்தால் கண்ணுக்குத் தெரியும், ஓடித் திறக்கலாம். விடியப்புறம் நெருப்பு தணலாகி, கூடு ஆறி, இழுவை திரும்பினால் வருவது காபன் மொனொக்சைட். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எல்லா பேஸ்மென்ற் அடுப்பும் இப்படி ஆகும் என்று சொல்ல வரவில்லை. கூடு வீட்டுக்கு உள்ளாலேயே நேராக ஏறினால் பல வீடுகளில் நன்றாக வேலை செய்கிறது. கரண்ட் இல்லாத நாளில் நீங்கள் எல்லோரும் இருக்கப்போவது மேலே என்றால், அடுப்பையும் முதல் தளத்தில், வீட்டின் நடுப்பக்கமாக, கூரையால் நேராகக் கூடு போகும்படி வையுங்கள் என்பதுதான் என் யோசனை.

இதில் எங்கள் ஆட்களின் வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. மீன் பொரிக்க, தாளிக்க, மிளகாய் வறுக்க என்று குசினியில் பெரிய உறிஞ்சு விசிறி பூட்டியிருப்போம். அது போட்டால் அலுமாரிக் கதவே ஆடும். அந்த விசிறி வெளியே தள்ளுகிற காற்றுக்குப் பதில் எங்காலோ உள்ளே வர வேண்டும். இறுக்கமாக அடைத்த வீட்டில் அது புகைக்கூட்டால் வரும். சோதிப்பது சுலபம். நெருப்பு இல்லாத நாளில் யன்னல் எல்லாம் பூட்டி, குசினி விசிறியையும் குளியலறை விசிறியையும் உடுப்பு காயவைக்கிற மெசினையும் ஒரேயடியாகப் போடுங்கள். அடுப்புக் கதவைக் கொஞ்சம் திறந்து ஓர் ஊதுபத்தியை வாயடியில் பிடியுங்கள். புகை அடுப்புக்குள் போனால் நல்லது. உங்கள் பக்கம் வளைந்து வந்தால், அந்த விசிறி ஓடும்போது அந்த அடுப்பு எரியக்கூடாது, அல்லது வெளிக்காற்று வர வேறு வழி செய்ய வேண்டும். ஒரு வீட்டில் பத்தியின் புகை நேராக வீட்டுக்காரியின் நெஞ்சுக்கு வந்ததை நாங்கள் நாலு பேர் நின்று பார்த்தோம். அன்றைக்கே விசிறிக்குப் பக்கத்தில் யன்னல் திறக்கும் பழக்கத்தை ஆரம்பித்தார்கள், பிறகு காற்றுவழி ஒன்று பூட்டினோம்.

பழைய அடுப்பு எல்லாம் கூடாது என்று சொல்லமாட்டேன். தகடு இருந்து, வார்ப்பு வெடிக்காமல், உள்ளே செங்கல் முழுதாக இருந்தால் வாங்கலாம். உள்ளே ஒரு ரோர்ச் லைற்றை வைத்து, அறையை இருட்டாக்கி, வெளியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். கதவோரத்தில் காற்றை அடைக்கிற கயிறு நல்லதா என்று பார்க்க ஒரு துண்டுக் கடுதாசியைக் கதவில் வைத்துப் பூட்டி இழுங்கள், இறுக்கமாக நிற்க வேண்டும். அமெரிக்கக் குறிப்புகளில் டொலர் நோட்டு என்று எழுதியிருப்பார்கள். எங்கள் நோட்டு பிளாஸ்ரிக், வழுக்கும், சூட்டுக்கும் ஆகாது. பேப்பர்தான் சரி.

நீங்களே பூட்டலாமா என்றால், ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் தானே பூட்டுவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் நகரசபையில் கட்டட பெர்மிட் எடுக்க வேண்டும், எடுத்தால் அவர்கள் வந்து பார்ப்பார்கள். பூட்ட முதலே இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள். சொல்லாமல் பூட்டி ஒரு நாள் தீ வந்தால், இழப்பீட்டை அவர்கள் மறுக்கலாம். பெரும்பாலும் வெட் (WETT, விறகடுப்பு வேலைக்கான பயிற்சி அமைப்பு) சான்றிதழ் உள்ளவரின் சோதனை அறிக்கை கேட்பார்கள். ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு மாதிரி, ஆகவே அவர்கள் கேட்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், நிலத்தளமும் சுவர்த் தகரமும் நீங்களே செய்யுங்கள், அது நல்ல சனி ஞாயிறு வேலை. கூரையைத் துளைத்துக் கூடு ஏற்றுவதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். முடிந்தபின் சோதிக்கிறவர் பூட்டினவராக இல்லாமல் வேறொருவராக இருக்கட்டும். நான் பூட்டியதையும் இன்னொருவர் பார்ப்பதைத்தான் நான் விரும்புவேன்.

விறகைப் பற்றிச் சுருக்கமாக. ஈரம் 20 வீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும். 30, 40 டொலருக்கு ஈரமானி விற்கிறது. கட்டையைப் பிளந்து, புது முகத்தில் குத்திப் பாருங்கள். மேப்பிள் பிளந்து அடுக்கி ஒரு வருடமாவது காய வேண்டும், ஓக் இரண்டு வருடம். இந்தக் குளிருக்கு எரிக்க இப்போது வாங்குகிற விறகை 'காய்ந்தது' என்று விற்பவர் வாயால் நம்பாதீர்கள். ஈர விறகு எரியாமல் புகைந்து, கூட்டில் தாராகப் படியும், கூட்டுத்தீ அங்கிருந்துதான் வருகிறது. விறகை 'கோர்ட்' கணக்கில் விற்பார்கள். புஷ் கோர்ட் என்றால் 4 அடிக்கு 4 அடிக்கு 8 அடி அடுக்கு, 128 கன அடி. ஃபேஸ் கோர்ட் வழக்கமாக அதில் மூன்றில் ஒன்று மட்டும். இரண்டையும் குழப்பி விற்பவர்கள் உண்டு. கனடாவில் 2002 இல் வின்ட்சர் பக்கம் முதலில் கண்ட பச்சைத் துளைப்பு வண்டால் ஆஷ் மரங்கள் நிறையச் செத்து நிற்கின்றன, நல்ல விறகு. ஆனால் கிட்ட உள்ள இடத்திலேயே வாங்குங்கள், தூர இடத்திலிருந்து ஏற்றினால் வண்டும் சேர்ந்து வரும். ஊரில் அடுப்புக்கு மேல் பறணில் விறகு காயவைத்த நினைவில், இங்கே அடுப்போடு சேர்த்து அடுக்குகிறார்கள். வேண்டாம். தகட்டில் சொன்ன இடைவெளி சுவருக்கு மட்டுமில்லை, விறகுக்கும் கதிரைக்கும் காயப்போட்ட சொக்ஸுக்கும் சேர்த்துத்தான்.

ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு வெளியிலும் புகை அலாரமும் காபன் மொனொக்சைட் அலாரமும் பூட்டுங்கள். கரண்ட் போன நாளுக்காக பற்றரி உள்ளதாக வாங்குங்கள். 2008 டிசம்பரில் உட்ஸ்டொக் நகரில் எரிவாயு ஃபயர்பிளேசின் புகைவழி அடைபட்டதில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என நாலு பேரும் போனார்கள். அந்த வீட்டில் இந்த அலாரம் இருக்கவில்லை. காபன் மொனொக்சைட் பாதுகாப்புக்காக 2013 இல் வந்த ஹோக்கின்ஸ் ஜின்யாக் சட்டம் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. சாம்பலை இறுக்கமான மூடி உள்ள தகர வாளியில் எடுத்து, வெளியே வெறும் மண்ணிலோ கல்லிலோ வையுங்கள். மரத்தாலான டெக்கிலும் கராஜுக்குள்ளும் வைக்கக்கூடாது. சாம்பலுக்குள் மூடிக் கிடக்கிற தணல் மூன்று நாலு நாளும் உயிரோடு இருக்கும். வருடத்துக்கு ஒரு தடவையாவது, முதல் குளிரில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, கூட்டைத் திறந்து பாருங்கள். 3 மில்லிமீற்றர் படிந்திருந்தால் துடைக்கும் நேரம். என்றாவது கூட்டுக்குள் ரயில் ஓடுகிற மாதிரி இரைச்சல் கேட்டால் அது கூட்டுத்தீ. அடுப்பின் காற்றுவழியை மூடி, எல்லோரையும் வெளியே கொண்டுபோய், 911 ஐ அழையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான கூடு வெடிக்கும். தீ அடங்கிவிட்டாலும் ஒருவர் வந்து சோதிக்கும் வரை அதைத் திரும்ப மூட்ட வேண்டாம்.

அறையின் நீள அகலம், கூரை உயரம், கூடு போகிற வழியில் மேலே என்ன இருக்கிறது, அடுப்பின் தகட்டுப் படம், இவ்வளவும் போட்டால் எந்த மூலை சரிவரும் என்று சொல்லப் பார்க்கிறேன். சுவருக்குள் என்ன இருக்கிறதென்பதை மட்டும் படத்தில் பார்க்க முடியாது. எல்லாம் பூட்டிப் பெர்மிட்டும் முடிந்த பிறகு, முதல் நெருப்பைக் குளிர் வர முதல், பகலில், யன்னல்களைத் திறந்துவைத்துச் சின்னதாக மூட்டுங்கள். புதுப் பூச்சு காய்ந்து மணக்கும், மெல்லிய புகையும் வரும், அலாரமும் அடிக்கலாம். அரை மணித்தியாலம் எரித்து ஆறவிட்டு, அடுத்த தடவை கொஞ்சம் பெரிதாக எரியுங்கள். மூன்றாவது தடவை முழு நெருப்பு எரியும்போது, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு சுவர்த் தகரத்துக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். கையை ஆறுதலாக அங்கே வைத்திருக்க முடிந்தால் சரி. முடியாவிட்டால் நெருப்பை அணையவிட்டு, எவ்வளவு தூரம் விட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.